சூடு ஆறாத எரு

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் நாங்கள் குடியேறிய புதிதில் ரேஷன் கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார்கள். அரிசி வந்துவிட்டது, மண்ணெண்ணெய் வந்துவிட்டது, கப்பல் இன்ன தேதிக்கு வரும் என்று எழுதுவதற்காக மாட்டியது. கப்பல் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாததால் பலகை பெரும்பாலும் வெறுமையாகவே தொங்கும். ஒயர்லெஸ் ஆபீசில் வேலை பார்த்த தமிழ் இளைஞர் ஒருவர் ஒரு கோடைக்காலத்தில் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகாதவர். பறவைப் புத்தகம் ஒன்றை எப்போதும் கக்கத்தில் இடுக்கியிருப்பார். தீவில் யார் எந்தப் பறவையை, பூவை, பூச்சியைப் பார்த்தாலும் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். அவர் சாக்கட்டியால் தமிழிலும் இந்தியிலும் எழுதிவைப்பார்.

பொழுது போகாத ஊர் அது. மழை பிடிப்பதற்கு முன்னால் உள்ள அந்தச் சில மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே உட்காரவும் முடியாது. அதனால் எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பதுங்கிப் பார்ப்பது தங்களுக்குக் கைவந்த வேலை என்று அவர்களுக்கு நினைப்பு. தென்னை மரம் ஏறும் நண்டு, வெள்ளை வயிற்றுக் கழுகு, பலாப்பழம் என்று நினைத்து வேகவைத்து வாய் அரித்துப்போன தாழங்காய் என்று பலகை நிரம்பியது. பார்த்த எதையும் அவரவர் ஊர்ச் சாமானோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவார்கள். "இது எங்க ஊர்ல வேலியோரம் கெடக்கும்" என்று ஒருவர் சொல்லாமல் எந்தப் பூவும் பலகை ஏறியதில்லை.

பிறகு புலி வந்தது. இந்தத் தீவில் புலி கிடையாது. இருந்தாலும் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் ஓடைப் பக்கம் புலியைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். சுபேதார் சொன்னால் எப்படி மறுப்பது என்று ஒயர்லெஸ்காரர் எழுதிவிட்டார். சில நாட்கள் பெண்கள் யாரும் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. கடைசியில் புதர்மேல் யாரோ காயப்போட்டிருந்த மஞ்சள் கோடு போட்ட பைஜாமா என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒயர்லெஸ்காரர் சட்டம் போட்டார். ஒரு விஷயத்தை இரண்டு பேர் பார்த்திருந்தால்தான் பலகையில் ஏறும். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. புருஷன் சொன்னால் பெண்டாட்டி தலையாட்டுவாள், அது கணக்கில்லை என்றார்.

இந்தச் சட்டத்தால் ஊரில் வேறு யாருக்கும் கஷ்டம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. நான் நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. எட்டாவது வரை படித்தேன். அதுவும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று அழுதுவிடுகிற படிப்பு. "நீங்கள் வந்து என்னோடு பாருங்கள்" என்று வேற்று வீட்டு ஆளைக் கூப்பிடுவதைவிட நான் எதையும் பார்க்காமலே இருந்துவிடலாம். ஆனால் பார்த்துவிட்டேன்.

எங்களுக்குக் கொடுத்த நிலம் காட்டோரத்தில் முடியும். அந்த எல்லையில் ஒரு பெரிய மரத்தடியில் மார்பு உயரத்துக்கு ஒரு மேடு இருந்தது. மணலும் மக்கிய இலையும் உடைந்த பவளக் கல்லும் கலந்த மேடு. ரோடு போட்ட புல்டோசர் ஒதுக்கிவிட்டுப் போன குப்பை என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் காலையில் கோழி போன்ற இரண்டு பழுப்புப் பறவைகள் அதன்மேல் நின்று, காலால் இலைகளைப் பின்னுக்கு உதைத்து உதைத்து மேலே சேர்த்துக்கொண்டிருந்தன. உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதம். யாருக்கோ கூலிக்கு வேலை செய்வதுபோல அவ்வளவு மும்முரம். அவை போனபின் மேட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சூடாக இருந்தது.

அரிசி வாங்கப் போனபோது, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஒயர்லெஸ்காரரிடம் மெல்லச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் படத்தைக் காட்டினார். அதே பறவை.

"அக்கா, இது முட்டையை அந்த மேட்டுக்குள்ளதான் பொதைக்கும். அடைகாக்காது. அந்தச் சூட்டுலயே பொரிஞ்சு குஞ்சு தானா மண்ணைக் கிளறிட்டு வெளிய வரும். வந்ததும் ஓடிரும். தாய் திரும்பிக்கூடப் பாக்காதாம். புத்தகத்துல போட்டிருக்கு."

"நெஜமாவா?"

"போட்டிருக்கே தவிர இங்க யாரும் கண்ணால பாத்ததில்ல. நீங்க பாருங்க. கூட ஒரு ஆள் பாக்கணும், அதான் சட்டம். பாத்தீங்கன்னா பலகையில மேல, முத வரியில எழுதறேன்."

முதல் வரி எனக்கு வேண்டாம். எனக்கு அந்தக் குஞ்சு வருவதைப் பார்க்க வேண்டும். தாயில்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு உயிர் வெளியே வருமா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததை இன்னொருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கோடை முழுவதும் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஒரு சிக்கல். உள்ளே முட்டை இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல முடியாது. ரேஷனில் முட்டை கிடையாது. எங்கள் வீட்டுக்காரருக்கே முட்டை என்றால் உயிர். தெரிந்தால் மேட்டைத் தோண்டி அன்றைக்கே ஆம்லெட் போடச் சொல்வார். ஒயர்லெஸ்காரரிடம் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

பக்கத்து நிலம் ஒரு சர்தார் குடும்பத்துடையது. அந்தச் சர்தாரின் மனைவி ஓங்கிய ஆள், ஓங்கிய குரல். நான் அவளை பெஹன்ஜி, அதாவது சகோதரி, என்பேன், அவளும் என்னை பெஹன்ஜி என்பாள். எங்களுக்குள் இருந்த பேச்சில் பாதி அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு வந்த இந்தி அவ்வளவு. பஞ்சாபில் கோதுமைக் காட்டில் வளர்ந்தவள் அவள். இங்கே மிளகாய் போட்டுவிட்டு எரு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை கூடையும் மண்வெட்டியுமாக என் மேட்டின் முன்னால் நின்றாள்.

"பெஹன்ஜி, கித்னா படியா காத் ஹை!" என்றாள். எவ்வளவு அருமையான எரு!

எருவாம். பறவைகள் மாதக்கணக்கில் உதைத்துச் சேர்த்ததை ஒரு கூடை வாரித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் சிரிப்புதான் வரும். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் எங்கள் வீட்டுக்காரரும் கூடையைத் தேட ஆரம்பித்தார்.

"சர்தார்ணி எட்த்துனு போறா, நாம பாத்துனு நிக்கறோம். நம்ம வெண்டைக்கு வாணாமா?" என்றார் அவர். வேலூர்ப் பக்கத்து ஆள்.

"அது இன்னும் மக்கலைங்க. சூடா கீது. செடி கருகிடும்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் சொன்னபிறகு அது நல்ல யோசனை என்று பட்டது. அவர் போய்க் கையை விட்டுப் பார்த்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சூடு ஆறாத எருவைச் செடிக்குப் போட மாட்டார்.

"ஆமா, கொதிக்குது. ஆறட்டும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதையே பெஹன்ஜியிடமும் சொன்னேன். "கரம் ஹை. மிர்ச்சி ஜல் ஜாயேகா." என் வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கட்டிய நீளமான இந்தி வாக்கியம் அது. சூடாக இருக்கிறது, மிளகாய் கருகிவிடும். அவள் ஏற்கனவே எரு போட்ட பாத்தியில் இரண்டு செடி வெயிலில் துவண்டிருந்தது எனக்கு உதவியாகப் போயிற்று. சரி, சூடு ஆறட்டும், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

இந்த யோசனையில் இருந்த தப்பு எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. அந்த மேடு ஆறாது. ஆறவிடாமல் வைத்துக்கொள்வதுதான் அந்தப் பறவைகளின் வேலை. ஆற ஆற அவை புது இலையை உதைத்து மேலே போடும். இவளோ தினமும் காலையில் வந்து முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பாள். "அபி பி கரம்!" இன்னமும் சூடு! முகத்தைச் சுளித்துக்கொண்டு போவாள். அவள் கை போகும்போதெல்லாம் உள்ளே எந்த முட்டையில் படுமோ என்று பயந்து, கை வெளியே வந்ததும் கரு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் போனபிறகு எங்கள் வீட்டுக்காரர் வந்து கையை விடுவார். பிறகு அவர்கள் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, பட்டாளத்து இந்தியில், எரு ஏன் ஆறவில்லை என்று பேசுவார்கள். மண்ணில் கந்தகம் இருக்கிறது என்பார் அவர். கடல் காற்று என்பாள் அவள். பறவைகள் காட்டோரத்தில் நின்று இவர்கள் எப்போது போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். நானும் சமையலறை ஜன்னலில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒயர்லெஸ்காரரை நம்பலாம் என்றால் அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன் என்றார். தனியாக வருவார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி கம்பவுண்டரையும் புலி பார்த்த சுபேதாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர்களுக்கு டீ போட்டேன். மேட்டைச் சுற்றி உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். முட்டை விஷயம் தெரியாத மற்ற இருவரும், அந்தப் பறவை சாதாரணக் காட்டுக்கோழிதான் என்று வாதாட ஆரம்பித்தார்கள்.

"சார், கொஞ்சம் மெதுவா பேசலாமா" என்றார் ஒயர்லெஸ்காரர், அவர்களைவிடச் சத்தமாக.

"நான் அஸ்ஸாம் பார்டர்ல பார்க்காத கோழியா?" என்றார் சுபேதார்.

"நீங்க பார்த்த புலியைத்தான் நாங்க பார்த்தோமே" என்றார் கம்பவுண்டர்.

பிறகு என்ன, உச்சி வெயில் வரை அந்தப் பைஜாமா யாருடையது என்ற பேச்சுதான். ஒரு பறவையும் வரவில்லை. இரண்டாவது தடவையும் டீ குடித்துவிட்டு, "அக்கா, இந்த மாதிரி விஷயத்துக்குப் பொறுமை ரொம்ப முக்கியம்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார் ஒயர்லெஸ்காரர்.

மழை மேகம் கூட ஆரம்பித்தது. பெஹன்ஜிக்கும் பொறுமை போய்விட்டது. மழை பிடித்தால் எரு முழுவதும் கரைந்து கடலுக்குப் போய்விடும் என்பது அவள் கவலை. ஒரு காலை வேளையில் மண்வெட்டியும் இரண்டு வாளித் தண்ணீருமாக வந்தாள். மேட்டைப் புரட்டிப்போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஒரே நாளில் ஆறிவிடும் என்றாள். எங்கள் வீட்டுக்காரர் ரோடு வேலைக்குப் போய்விட்டார். நான் ஓடிப்போய் மேட்டுக்கு முன்னால் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நஹி என்ற ஒரு வார்த்தை போதும். எனக்கு வந்தது சிரிப்பு.

அவளும் சிரித்துக்கொண்டே என்னை ஒரு கையால் ஓரமாக நகர்த்திவிட்டு, மண்வெட்டியை ஓங்கினாள்.

இரண்டு வெட்டு வெட்டியிருப்பாள். மூன்றாவதற்கு ஓங்கியபோது நான் மண்வெட்டிப் பிடியை எட்டிப் பிடித்துவிட்டேன். நான் அப்படிச் செய்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடியைப் பிடித்தபடி நின்றோம். அப்போது வெட்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில் மண் அசைந்தது. முதலில் சரிகிறது என்று நினைத்தேன். மறுபடியும் அசைந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு கால் வந்தது. பெரிய கால். பிறகு தலை, கண்ணெல்லாம் மண். அது கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது உடம்பை உந்தி வெளியே வந்து, சிலிர்த்து உதறிக்கொண்டு நின்றது. காடை அளவு இருக்கும். பிறந்த கோழிக்குஞ்சுபோலப் பஞ்சாக இல்லை. சிறகெல்லாம் முளைத்து, முழுப் பறவையைச் சின்னதாகச் செய்து வைத்ததுபோல இருந்தது.

பெஹன்ஜி மண்வெட்டியை விட்டுவிட்டாள்.

"இஸ்கி மா கிதர் ஹை?" என்றாள், அவள் குரலா என்று சந்தேகம் வரும்படி மெல்ல. இதன் தாய் எங்கே?

தாய் இருந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் ஒதுங்கிய பறவைகளில் ஒன்று காட்டோரத்தில் இலை கிளறிக்கொண்டிருந்தது. குஞ்சு நேராக அந்தப் பக்கம்தான் ஓடியது. பெஹன்ஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். குஞ்சு அந்தப் பெரிய பறவைக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து ஓடியது. பெரியது தலையைத் தூக்கவில்லை. ஒரு இலையைப் பின்னால் உதைத்தது, இன்னொரு இலையை உதைத்தது. குஞ்சும் நிற்கவில்லை. புதருக்குள் போய்விட்டது. அவ்வளவுதான்.

புத்தகத்தில் போட்டிருந்தது அப்படியே நடந்துவிட்டது. நான் பார்த்துவிட்டேன். வேற்று வீட்டு ஆள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கையை விடாமலே ரேஷன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நடந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஒயர்லெஸ்காரர் கடை வாசலில்தான் இருந்தார். அரிசிக்கு நின்றவர்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வந்துடுச்சு. இவங்களும் பாத்தாங்க" என்றேன்.

அவர் பரபரவென்று பலகையின் முதல் வரியை அழித்தார். பெஹன்ஜியிடம் இந்தியில் கேட்டார். குஞ்சு மண்ணிலிருந்து தானாக வந்ததா? ஆமாம். யாரும் தோண்டி எடுக்கவில்லையே? இல்லை. சிறகு முளைத்திருந்ததா? ஆமாம்.

"தாய் பக்கத்தில் வந்ததா?"

"மா ஆயி" என்றாள் பெஹன்ஜி. "லே கயி."

தாய் வந்தது, கூட்டிக்கொண்டு போய்விட்டது என்கிறாள். நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், வலிக்கும்படி.

ஒயர்லெஸ்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. "புத்தகத்துல அப்படி இல்லையே. அக்கா, நீங்க சொல்லுங்க. தாய் வந்துச்சா, இல்ல குஞ்சு தானா போச்சா? இதுதான் முக்கியம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பறவை எத்தனை இலையை உதைத்தது என்பதுகூட என் கண்ணில் நின்றது. பள்ளிக்கூடம் சரியில்லாத ஊர் இது என்பதால் பெஹன்ஜியின் இரண்டு பையன்களும் பஞ்சாபில் அவள் மாமியாரிடம் வளர்ந்துகொண்டிருந்தார்கள். கப்பல் வரும் நாளெல்லாம் கடிதம் இருக்கிறதா என்று கப்பல் துறையில் போய் நிற்பாள், பெரும்பாலும் இருக்காது. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் இருந்து பார்க்கிறவள் நான். ஆனால் அதை இந்த நேரத்தில் என் தலையில் ஏன் கொண்டுவந்து போட வேண்டும்? அவளுக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா? ஒரு கோடை முழுவதும் மண்ணெண்ணெய்ப் புகையில் ஜன்னலோரம் நின்றதற்கு இதுவா பலன்?

"குஞ்சு வந்துச்சு தம்பி. அதுக்கப்புறம் நான் சரியா பாக்கல" என்றேன்.

"என்னக்கா நீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவர். கூட்டத்தில் சுபேதார், "பாக்கத் தெரியாதவங்க எல்லாம் பாக்கக் கெளம்பினா இப்படித்தான்" என்றார். புலியைப் பார்த்தவர் சொல்கிறார். நான் அதையும் கேட்டுக்கொண்டேன்.

'மேட்டிலிருந்து குஞ்சு ஒன்று வெளிவந்தது. பார்த்தவர்கள் இருவர்' என்று மட்டும் எழுதினார். முதல் வரியில் பாதிகூட நிரம்பவில்லை. மிச்ச இடத்தில் மண்ணெண்ணெய் வரவில்லை என்று கடைக்காரர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போதாவது ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மிளகாய்க்கு இனி எருவுக்கு எங்கே போவது என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பாதி வரியைப் படித்துவிட்டு ஊரே மேட்டைப் பார்க்க வந்தது. குஞ்சு வந்தால் முட்டை இருக்கும் என்று கணக்குப் போட எல்லோருக்கும் தெரியும். பாத்திரத்தோடு வந்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டுக்காரர், "இத்தினி நாளா முட்டை மேலயா கைய வெச்சினு இருந்தேன்?" என்று என்னை முறைத்துவிட்டு, தானும் மண்வெட்டியைத் தேடினார். என் ஒருத்தியால் யாரை நிறுத்த முடியும்? ஆனால் நான் சிரிப்பதற்குள் பெஹன்ஜி வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். பாத்திரக்காரர்களை ரோடு வரை துரத்தினாள். எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கித் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தான் வெட்டிய பள்ளத்தில் தானே இலை கொண்டுவந்து போட்டாள். மழை பிடிக்கும் வரை தினமும் காலையில் பறவைக்கென்று கொஞ்சம் அரிசியோடு வந்து மேட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும்.

"சுப்! ஷோர் மத் கரோ! இஸ்கி மா ஆனேவாலி ஹை!" என்று ரோடு வரை கேட்கக் கத்துவாள். சத்தம் போடாதே, இதன் தாய் வரப்போகிறது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் போடுகிற சத்தத்தில் காட்டிலிருந்த ஒரு பறவைகூட அந்தப் பக்கம் தலை காட்டாது. பெஹன்ஜி, கொஞ்சம் வாயை மூடு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வரும். அந்த அளவுக்கு இந்தியும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.